வராந்தாவில் நின்ற கப்பல்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஐந்து. என் ஓரகத்தி இறந்தபின் அவள் பிள்ளைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். பாராடாங் தீவில் படகுத்துறை வேலையில் இருந்த என் தம்பி, நல்ல பள்ளிக்கூடம் போகட்டும் என்று என்னிடம் விட்டுவைத்த மகள் ஒன்று. ஆக எட்டுப் பேரை வளர்த்திருக்கிறேன். எட்டும் சொந்தக் காலில் நிற்கின்றன. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இப்போது என் பேத்தி ஒரு படிப்புப் படிக்கிறாள். மனசு நொந்துபோன பிள்ளைகளுக்கு விளையாட்டை வைத்தே வைத்தியம் பார்க்கிற படிப்பாம். லீவில் வந்தவள் கூடத்தில் ஒரு பையைக் கவிழ்த்தாள். சின்னக் கட்டில், சின்ன வீடு, விரல் நீளத்தில் அப்பா அம்மா பொம்மைகள். இதை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டேன். பிள்ளை தன் பாட்டுக்கு விளையாடும், நாம் குறுக்கே போகாமல் கூடவே இருக்கவேண்டும் என்றாள். அதற்கு எத்தனை வருஷம் என்றேன். இரண்டு என்றாள். குறுக்கே போகாமல் இருக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் போதாது என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. எனக்கு மூன்று வாரம்தான் கிடைத்தது, அதிலும் பாதியை வீணாக்கினேன். அதைத்தான் இப்போது சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

எங்கள் தீவில், ஹேடோவில் துறைமுக வேலைக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு. மரச் சுவர், தகரக் கூரை, முன்னால் நீளமாக ஒரு வராந்தா. மழை பிடித்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. வருஷத்தில் முக்கால்வாசி மழைதான். பக்கத்து வீடு தெலுங்குக்காரர்கள், அதற்கடுத்து பெங்காலிக் குடும்பம், அதற்கடுத்து, கைதியாக வந்த தாத்தாவின் வம்சம் இங்கேயே வேர்விட்டுப்போன ஒரு வீடு. பிள்ளைகள் ஒன்று சேர்ந்தால் இந்தி. வாசற்படி ஏறி உள்ளே வந்தால் எங்களுக்கு ராமநாதபுரத்துத் தமிழ்.

அப்பா துறையில் கலாசி. கப்பல் அணையும்போது மேலிருந்து விழுகிற கயிற்றை இழுத்துக் கரையில் நட்டிருக்கும் இரும்புக் குத்தியில் மாட்டுவார். புறப்படும்போது தளர்த்திக் கழற்றி விடுவார். கயிற்றைத் தளர்த்து என்பதற்குக் கலாசிகள் கொடுக்கும் குரல் 'ஆரியா'. அப்பா ஆரியா என்றால் எங்கள் வராந்தாவில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் அம்மா நிமிர்ந்து பார்ப்பார். அவ்வளவு குரல். வீட்டுக்குள் அதே மனிதர் உப்புப் போதவில்லை என்று சொல்வதற்குக்கூட வாயைத் திறக்க மாட்டார்.

அந்தக் காலத்தில் மெயின்லேண்டிலிருந்து, அதாவது மெட்ராஸிலிருந்து, கப்பல் வருவது மாதத்துக்கு ஒன்று, தப்பினால் இரண்டு. கப்பல் வந்தால்தான் வெங்காயம், கப்பல் வந்தால்தான் கடிதம். அது திரும்பிப் போகிற நாளில் ஊரே துறையில் நிற்கும். தன் வீட்டு மனிதர் யாரும் போகவில்லை என்றாலும் வந்து நிற்பார்கள். வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் அன்றைக்குப் பக்கத்துப் பக்கத்தில் நின்று கையை ஆட்டுவார்கள். கப்பல் முனை திரும்பி மறைகிற வரைக்கும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். போகிறவர் திரும்பிப் பார்க்கும்போது கரை காலியாக இருக்கக் கூடாது. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எங்கள் தீவில் இதை மீறியவர்களை நான் பார்த்ததில்லை, எங்கள் மாமாவைத் தவிர.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவுக்கு இருமல் வந்து ஒரு வருஷம் நிற்கவில்லை. அதற்கு என்ன பெயர் என்று பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். நெஞ்சுச் சளி என்றுதான் சொல்வார்கள். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ஆகும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாரஸ்ட் ஆபீஸில் குமாஸ்தா. அத்தையைத் துணைக்கு அனுப்பிவிட்டு, எங்களுக்குச் சமைத்துப்போட எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் எதையும் நேராகச் செய்தால் அவருக்குத் திருப்தி வராது. ஒரு தந்திரம் செய்து முடித்தால்தான் காரியம் நடந்ததாக நம்புவார்.

கப்பல் புறப்படும் நாளுக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மருமகளே, நீ பெரிய புள்ள. நாளைக்குத் தம்பிய அபர்தீன் பஜாருக்குக் கூட்டிட்டுப் போயிரு. ஜிலேபி வாங்கிக் குடு. கப்பல் போனப்பறம் மெதுவா வா."

"நாங்க அம்மாவப் பாக்க வேணாமா?"

"அவன் அழுவான். அவன் அழுதா எங்கக்காளுக்கு இருமல் கூடிரும். அப்பறம் கப்பல்ல ஏத்த மாட்டேன்னுருவான் டாக்டர். யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். பெரிய பிள்ளை என்று அவர் சொன்னதுதான் காதில் நின்றது. அம்மாவிடம், பிள்ளைகள் துறைக்கு வந்துவிடுவார்கள் என்றார். தம்பியிடம், அம்மா டிஸ்பென்சரிக்குத்தான் போகிறார் என்றார். அப்பாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. யாருக்கும் குறை வைக்காமல் ஆளுக்கொரு பொய் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. பஜாரில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று ஜிலேபி தின்றுகொண்டிருந்தபோது சங்கு ஊதியது. ஒன்று, இரண்டு, மூன்று. தம்பி தின்பதை நிறுத்தினான்.

"அக்கா, கப்பலு."

"அது வேற கப்பல்டா," என்றேன்.

அன்றைக்குத் துறைமுகத்தில் வேறு கப்பல் கிடையாது. அவன் கலாசி மகன். அது அவனுக்கும் தெரியும். என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். ஜிலேபியைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான். ஹேடோவுக்கு மேடும் பள்ளமுமாக நல்ல தூரம். ஒரு இடத்தில் விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான். நான் பின்னாலேயே ஓடினேன். துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்து எதிரே வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வெறுமனே கிடந்தது. அப்பா இரும்புக் குத்திக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தம்பி அந்தக் குத்தியைப் பார்த்தான், அப்பாவின் கையைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். அழவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவன் பேசவும் இல்லை.

முதல் இரண்டு நாள் கோபம் என்றார்கள். நாலாம் நாள் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப்போனார்கள். டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை நன்றாக இருக்கிறது, பயந்திருக்கிறான், தானாகப் பேசுவான் என்று இந்தியில் சொல்லி ஒரு இனிப்பு மருந்து கொடுத்தார். மருந்தை மாமா பாதி குடித்துப் பார்த்தார். முருகன் கோயில் விபூதி, தர்காவில் ஓதிய தண்ணீர், பெங்காலி அம்மாள் கொடுத்த ஏதோ வேர், எல்லாம் ஆயிற்று. எல்லா மதமும் எங்கள் வீட்டுக்கு வந்துபோயின. அவன் எல்லாவற்றையும் விழுங்கினான். வாயை மூடிக்கொண்டான். சோறு இரண்டு உருண்டைக்கு மேல் இறங்கவில்லை. என் கையை மட்டும் தொடவே மாட்டான். நான் பிடித்தால் மெதுவாக உருவிக்கொள்வான்.

என் பங்குக்கு நானும் வைத்தியம் செய்தேன். கிள்ளினேன். ஆ என்றாவது கத்துவான் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. கிச்சுக்கிச்சு மூட்டினேன். பேசினால் என் கண்ணாடி வளையல் உனக்கு என்றேன். அவனுக்கு வளையல் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் இப்படிப் போனதும் மாமா ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த கப்பலில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பம் ஒன்று லீவுக்குப் போகிறது. அவர்களோடு தம்பியை ராமநாதபுரத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் அப்படி இருந்தால் சரி என்றுதான் எங்கள் வீட்டில் கணக்கு.

"போகமாட்டான் மாமா," என்றேன்.

"போகமாட்டேன்னு சொல்லத்தான் அவனுக்கு வாயில்லையே. கப்பலச் சுத்திப் பாப்போம்னு கூட்டிட்டுப் போவோம். உள்ள வெளையாடிட்டு இருக்கும்போது நான் எறங்கிருவேன். ரெண்டு நாள்ல மறந்துருவான்."

மறுபடியும் அதே தந்திரம். வேற கப்பல்டா என்று நான் சொன்னது மாமாவுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கெடுத்தது நான், அடுத்த கப்பல் வருவதற்குள் இவன் வாயைத் திறக்கவைக்க வேண்டியதும் நான். இவனை ஏமாற்றிக் கப்பலில் ஏற்ற விடமாட்டேன் என்று அன்றைக்கு அடுப்படியில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து வயதில் நான் எடுத்த முடிவு அது. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ முடிவுகள் எடுத்திருக்கிறேன், எதுவும் அவ்வளவு உறுதியாக இல்லை.

அந்த வாரம் ஏதோ ஒரு மெஷின் வந்திறங்கிய பெரிய மரப்பெட்டியை விறகுக்கு ஆகும் என்று அப்பா நாலு பேரைப் பிடித்துத் தூக்கிவந்து வராந்தாவில் போட்டார். மழை விடவில்லை. லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். பெட்டியைக் கண்டதும் அது கப்பலாகிவிட்டது. தீவுப் பிள்ளைகளுக்கு வேறு என்ன தோன்றும். கைதி வம்சத்து வீட்டுப் பையனுக்குப் பதின்மூன்று வயது. அவன்தான் எப்போதும் காப்டன். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. தெலுங்கு வீட்டுப் பெண் டாக்டர், ஏறுகிறவர்களுக்கு ஊசி போட்ட சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பாள். பெங்காலி வீட்டு இரட்டைப் பிள்ளைகள் பயணிகள், ஏறுவதற்கு முன்பே வாந்தி எடுத்துக் காட்டுவார்கள். அப்பா கொண்டுவந்த பழைய மணிலாக் கயிற்றுத் துண்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து வராந்தாத் தூணுக்குக் கட்டியிருந்தோம்.

காப்டன் மூன்று தடவை சங்கு ஊதினான். கயிற்றை அவிழ்க்க யாரோ போனார்கள். அப்போதுதான் பார்த்தேன், சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்து வந்து தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு கையும் முடிச்சின் மேல்.

"சோட் நா ரஸ்ஸி," என்றான் காப்டன். கயிற்றை விடு என்று.

தம்பி விடவில்லை. இழுத்துப் பார்த்தார்கள். இரட்டையரில் ஒருவன் அவன் விரலைப் பிரிக்கப் பார்த்தான். தம்பி அவனைக் கடித்துவிட்டான். பெரிய கலாட்டா. ஆனால் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். பத்து நாளில் அவனாக எழுந்து செய்த முதல் காரியம் அது, கடித்தாலும் பரவாயில்லை.

"இஞ்சின் கராப்," என்று நான் சத்தமாகச் சொன்னேன். "இன்னிக்குக் கப்பல் போகாது."

காப்டன் என்னை முறைத்தான். அப்புறம் யோசித்து, மிஸ்திரியைக் கூப்பிடு என்றான். அன்றைய விளையாட்டு இஞ்சினைப் பழுது பார்ப்பதிலேயே முடிந்தது.

மறுநாளும் அதே கதை. சங்கு ஊதியதும் தம்பி தூணுக்குப் போய்விட்டான். கடல் சரியில்லை என்றேன். அடுத்த நாள் டாக்டர் சீட்டு வரவில்லை. அதற்கடுத்த நாள் வெங்காய மூட்டை இன்னும் இறங்கவில்லை.

"யே கைசா ஜஹாஸ் ஹை," என்று காப்டன் சலித்துக்கொண்டான். இது என்ன கப்பல் என்று. "ஜாதாஹீ நஹீ. போகாத கப்பலுக்கு நான் எதுக்குக் காப்டன்?"

"போறப்பப் போகும். உனக்கு என்ன, சம்பளம் ஏறுதில்ல," என்றேன். அவன் பெரியவர்களைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். கப்பலுக்காகக் காத்துக் கிடப்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரே அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் மாமா கோடாலியோடு வந்தார். மழையில் விறகு இல்லை, பெட்டியை உடைக்க வேண்டும் என்றார். நான் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்கு புள்ள."

"மாட்டேன்."

"சோறு வேணாமா?"

"வேணாம். நீங்க ஆக்குற சோத்துக்கு இந்தப் பலகை தேவலை."

மாமா கோடாலியை ஊன்றிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தம்பி தூணுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து மாமாவின் கையிலிருந்து கோடாலியை வாங்கிக்கொண்டு, ஈர விறகாவது எங்கே கிடைக்கும் என்று தேடப் போய்விட்டார்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கப்பல் மெட்ராஸை விட்டுவிட்டது, நாலு நாளில் வரும் என்று சேதி வந்தது. எனக்குப் பதைப்பு வந்துவிட்டது. இந்தக் கயிறுதான் இவன் தொண்டையை அடைத்திருக்கிறது, கப்பல் ஒரு தடவை போய்விட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு புத்தி. தேங்காயும் வெல்லமும் இடித்து ஒரு உருண்டை செய்து, தம்பியை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். அவன் வந்து தின்றுகொண்டிருந்தபோது, வெளியே காப்டன் நான் சொல்லிவைத்தபடி கயிற்றை அவிழ்த்துச் சங்கு ஊதினான்.

தம்பி வாயில் வெல்லத்தோடு வராந்தாவுக்கு ஓடினான். கயிறு தரையில் கிடந்தது. பிள்ளைகள் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் நின்ற இடத்திலேயே கால்சட்டை நனைந்தது. சுவரோரம் போய் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஜிலேபிக்குப் பதில் வெல்லம். அவ்வளவுதான் வித்தியாசம். மாமாவைக் குறை சொல்லிக்கொண்டு நானே இன்னொரு மாமா ஆகியிருந்தேன். எனக்கு என்னை அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிள்ளைகளை எல்லாம் விரட்டினேன். அவன் பார்க்கட்டும் என்று அவன் பக்கத்தில் போய், கயிற்றைத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.

"இனிமே இத ஒருத்தரும் தொட மாட்டாங்க. நீயா அவுத்தாத்தான் உண்டு. கப்பல் இங்கயே நிக்கட்டும், வருஷமானாலும் நிக்கட்டும்," என்றேன். அவன் திரும்பவில்லை. நான் முடிச்சை இன்னும் இறுக்கினேன். "அன்னிக்கு வேற கப்பல்னு சொன்னேன்ல, அது பொய்டா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவன் திரும்பவில்லைதான். ஆனால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

மறுநாள் நான் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். சங்கு ஊதக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, அவன் என்ன செய்தாலும் என்ன என்று கேட்கக் கூடாது. கேட்கிறவர்களுக்கு எங்கள் வராந்தாவில் இடமில்லை. காப்டனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவன் வீட்டில் வராந்தா இல்லை.

அன்று தம்பி மத்தியானம் வரை சுவரோரமே இருந்தான். பிறகு எழுந்து வீட்டுக்குள் போய் அம்மாவின் பித்தளைச் செம்பை எடுத்துவந்து பெட்டிக்குள் வைத்தான். மறுபடி போய் ஒரு சீப்பு. மறுபடி போய் முறுக்கு டின், அதில் முறுக்கு இல்லை. அடுத்த நாள் அம்மாவின் தலையணையைக் கொண்டுவந்தான். அதன் மேல் அம்மாவின் பச்சைச் சேலையைச் சுற்றினான். அவனுக்குச் சுற்றத் தெரியவில்லை, தலையணை இரண்டு தடவை கீழே விழுந்தது. உதவி செய்ய என் கை துடித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அதைவிடக் கடினமான வேலையை நான் பின்னாளில் பிள்ளை பெற்றபோதுகூடச் செய்ததில்லை.

கப்பல் நாளைக்கு வருகிறது என்ற அன்று சாயங்காலம், மழை சற்று விட்டிருந்தது. மாமா உள்ளே தம்பியின் துணிகளைச் சின்னப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தம்பி தலையணையைக் கப்பலுக்குள் படுக்கவைத்தான். பக்கத்தில் செம்பை வைத்தான். குனிந்து தலையணையின் காதுப் பக்கம் வாயை வைத்தான். வாய் அசைந்தது. என்னடா சொன்ன என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். காப்டனும் கேட்கவில்லை. அதற்காக அவனை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

தம்பி தூணுக்குப் போனான். முடிச்சை அவனே அவிழ்த்தான், நகம் வலிக்க வலிக்க அவிழ்த்தான். ஆனால் அவன் கயிற்றைக் கீழே போடவில்லை. அதன் நுனியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அத்தனை நாளில் அவன் விரல் என் மேல் பட்டது அப்போதுதான். கொடுத்துவிட்டு நாலு அடி பின்னால் போய், அப்பாவைப்போலவே காலை அகட்டி வைத்து, வலது கையைத் தூக்கினான்.

"ஆரியா."

துருப்பிடித்த தகரத்தைப்போல ஒரு குரல். ஆனால் அவன் குரல்தான்.

நான் கயிற்றை விட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேலை. விட முடியவில்லை. விரல் திறக்கவில்லை. பெட்டிக்குள் பச்சைச் சேலை தெரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி கையைத் தூக்கியபடியே காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை. அப்புறம் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

"ஆரியா, அக்கா."

விட்டேன். கயிறு என் உள்ளங்கையில் ஓடி விழுந்தது. காப்டன் மூன்று தடவை சங்கு ஊதினான். பிள்ளைகள் வரிசையாக நின்று, முனை திரும்புகிற வரைக்கும் எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கை ஆட்டினார்கள். தம்பியும் ஆட்டினான். நான் மட்டும் அழுதேன். சத்தம்போட்டு, மூக்கு ஒழுக, நிறுத்த முடியாமல் அழுதேன். மாமா துணியும் கையுமாக ஓடிவந்தார்.

"என்னாச்சு புள்ள?"

"கயிறு அறுத்துருச்சு மாமா," என்றேன்.

அவர் தேங்காயெண்ணெய் எடுக்க உள்ளே ஓடினார். அன்று சோறு போட்டபோது தம்பி தட்டைப் பார்த்துவிட்டு, "கொழஞ்சு போச்சு மாமா," என்றான். மாமா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய்ச் சின்னப் பெட்டியைத் திறந்து, அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். கப்பல் வந்தது, வெங்காயம் இறங்கியது, எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பம் ஏறிப் போனது. தம்பி அப்பா பக்கத்தில் நின்று முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கை ஆட்டினான்.

அம்மா எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மெலிந்து, முடி கொட்டி, ஆனால் இருமல் இல்லாமல் வந்தார். இறங்கியதும் முதலில் என்னைத்தான் கேட்டார், "அன்னிக்கு ஏண்டி தொறைக்கு வரல? கரையெல்லாம் தேடினேன்." நான் மோவாயால் மாமாவைக் காட்டினேன். அம்மா ஒரு வாரம் தன் தம்பியோடு பேசவில்லை. என் தம்பியோ அன்றைக்குப் பேச ஆரம்பித்தவன் இன்றைக்கும் நிறுத்தவில்லை. போனை எடுத்தால் வைக்க மாட்டான்.

அந்தச் சாயங்காலத்துக்கு மட்டும் ஒரு தடவை திரும்பிப் போகிறேன். மாமா எண்ணெய் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா வேலையிலிருந்து வந்தார். படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தம்பியிடம் போவார் என்று நினைத்தேன். பேசியது அவன்தானே. அவர் என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"எங்க அறுத்துச்சு, காட்டு."

கையை நீட்டினேன். இருபது வருஷம் கயிறு பிடித்த கை அவருடையது. கயிறு அறுத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். என் உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். விரல்களைப் பிரித்துப் பார்த்தார். சிவப்புக்கூட இல்லை.

"இங்கயா தாயி?"

"ஆமா."

"ரொம்ப வலிக்குதா?"

"ஆமாப்பா."

அவர் சரி என்று தலையை ஆட்டி, என் கையைத் தன் இரண்டு கைக்குள் மூடி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வலிக்கிற இடம் இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் விடாமல் பிடித்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். தம்பிக்காகத்தான் அந்தக் கப்பலை அத்தனை நாள் காத்தேன் என்றும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அபர்தீன் பஜாரில் நின்றது அவன் ஒருவன் மட்டும்தானா என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் பேசிக்கொண்டிருந்தேன், சமைத்தேன், சண்டை போட்டேன். பேசுகிற பிள்ளையை யார் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப்போவார்கள்.

எழுதிவிட்டாயா? எங்கே, முதலிலிருந்து வாசி கேட்போம். மெதுவாக வாசி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை.